வாசித்துக் காட்டியவர்

அவருடைய முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கப் போகிறார்கள் என்று கனடாவிலிருந்து அவருடைய மகள் போன் எடுத்தாள். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் அவரைப் பற்றி நாலு பேரிடம் எழுதி வாங்கி, சிறு புத்தகமாக அச்சடித்து, சாப்பிட வந்தவர்களின் கையில் கொடுத்து விடுவது வழக்கம். "அப்பாவோட எத்தினை வருசம் இருந்தனீங்கள் அக்கா, ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்றாள். எழுதிக் கொடுத்தேன். நேர்மையாளர், ஏழைகளின் துணைவர், தமிழ்ப் பற்றாளர் என்று கல்வெட்டுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். பெயரை எழுதமாட்டேன். திருகோணமலையில் இருப்பவர்களுக்கு அது தேவையில்லை, மற்றவர்களுக்கு அது தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

நான் அவரிடம் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பெரிய கந்தோர் என்று சொல்ல முடியாது. நீதிமன்றத்துக்குப் போகிற தெருவில், தையல்கடைக்குப் பக்கத்தில் இரண்டு அறை. முன்னறையில் நானும் என் மெசினும் வந்தவர்கள் இருக்க மூன்று நீள வாங்குகளும். உள்ளறையில் அவர், இரண்டு அலுமாரி, சாட்சிகளுக்கு இரண்டு சாதாரணக் கதிரை, கையெழுத்து வைக்க வருகிறவருக்கு ஒரு கைபிடி வைத்த கதிரை. அந்தக் கைபிடிக் கதிரையில் அவர் ஒருநாளும் இருந்து நான் காணவில்லை. "அது காணிக்காரர் இருக்கிற கதிரை" என்பார்.

அவர் சட்டத்தரணி. அதோடு நொத்தாரிசும் கூட, அதாவது காணி உறுதி என்கிற காணிப் பத்திரம் எழுதுகிறவர். உறுதியைக் கையெழுத்து வைக்க வருகிறவருக்கு முதலில் வாசித்துக் காட்டி விளங்கப்படுத்த வேண்டும் என்பது சட்டம். எல்லா நொத்தாரிசுமாரும் உறுதியின் அடியில் 'வாசித்துக் காட்டி விளங்கப்படுத்தினேன்' என்று ஒரு வரி எழுதத்தான் செய்வார்கள். பலருக்கு அது வரியோடு சரி. இவர் உண்மையிலேயே வாசிப்பார். முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரைக்கும், எழும்பி நின்று, பெருவிரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தி நகர்த்தி வாசிப்பார். நல்ல குரல் என்று சொல்லமாட்டேன், பாதி மூக்கால்தான் வரும். காணியின் நாலு எல்லைகளும் வரும் இடத்தில் அந்தந்தத் திசைக்கே திரும்பி நின்று வாசிப்பார். வடக்கே இன்னாருடைய வளவு என்றால் தையல்கடைப் பக்கம் திரும்புவார். கிழக்கே கடல் என்றால் கடல் இருக்கிற பக்கம் திரும்புவார். நான் முன்னறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

வாசித்து முடிந்ததும் சோதனை தொடங்கும். "இப்ப நீங்கள் சொல்லுங்கோ, என்னத்துக்குக் கையெழுத்து வைக்கப் போறீங்கள்?" சொல்லத் தெரியாமல் முழுசினால் திரும்ப முதலிலிருந்து. ஒருமுறை நிலாவெளிப் பக்கத்தில் சொந்த வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்கிற சம்மாட்டி ஒருவர், கடலால் வந்த கையோடு கந்தோருக்கு வந்தவர், வடக்கு எல்லை வருவதற்குள் நித்திரையாகிவிட்டார். இவர் எழுப்பவில்லை. அவர் தானாகக் கண் விழிக்குமட்டும் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பத் தொடங்கினார். மூன்றாம் முறையும் தொடங்கியபோது சம்மாட்டி கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, கரைவலை இழுக்கிறது இதைவிடச் சுகம்." இவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துவிட்டு முதல் வரியிலிருந்து வாசித்தார். 'அவரிட்டப் போறதெண்டா சோத்துப் பார்சலும் கட்டிக்கொண்டு போகோணும்' என்று ஊரில் ஒரு கதை இருந்தது.

அவரிடம் ஒரு வசனம் உண்டு. "வாய்விட்டு வாசிக்காத ஒண்டுக்குக் கையெழுத்து வைக்கப்படாது, பிள்ளை. அது கண்ணை மூடிக்கொண்டு சோறு திண்ணுற மாதிரி. கல் எங்க கிடக்கெண்டு பல்லு உடைஞ்சாப் பிறகுதான் தெரியும்." கிழமைக்கு இரண்டு தரமாவது இதைக் கேட்டிருப்பேன். கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப் போயிருந்தது. புவனம் அக்கா வந்த நாளோடுதான் அந்தச் சலிப்பு நின்றது.

புவனம் அக்காவுக்குச் சம்பூர்ப் பக்கம் கடலோரமாக அரை ஏக்கர் வளவு. தாய் வழியாக வந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான், அது இல்லாமல் பெண்ணைக் கரையேற்ற முடியாது. புருசன் செத்த பிறகு அவளும் ஒரு சின்னப் பெண்பிள்ளையும் அந்த வளவில் இருந்தார்கள். கடலுக்கு அவ்வளவு கிட்டவாக இருந்தும் கிணற்றில் நல்ல தண்ணீர். அவளும் புருசனும் சேர்ந்து வெட்டிய கிணறு. அவளை ஒருநாள் அவளுடைய தம்பி கூட்டிக்கொண்டு வந்தான். கரண்ட் எடுக்க ஒரு கையெழுத்து என்று சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறான். எங்களிடம் அவன் நன்கொடை உறுதி எழுதச் சொல்லி ஏற்கெனவே விபரம் கொடுத்திருந்தான். "அக்காவுக்கு எல்லாம் தெரியும் சேர், கையெழுத்தை மட்டும் எடுங்கோ" என்றான்.

இவர் அவளைக் கைபிடிக் கதிரையில் இருத்தினார். "வாசிக்கிறன், கேளுங்கோ. நடுவில விளங்காட்டி நிப்பாட்டுங்கோ. நான் கோவிக்கமாட்டன்" என்று தொடங்கினார். 'எனது சகோதரன் மீது கொண்ட அன்பின் நிமித்தம் மேற்படி காணியை அவருக்கு மீளா நன்கொடையாக' என்ற இடத்தில் அவள் தலையை நிமிர்த்தினாள்.

"என்ன சொன்னீங்கள் ஐயா?"

இவர் அந்த வரியைத் திரும்ப வாசித்தார். பிறகு சாதாரணக் கதையில் சொன்னார். "இதுக்குக் கையெழுத்து வைச்சா வளவு உங்கட தம்பிக்கு. உங்களுக்கும் இல்ல, பிள்ளைக்கும் இல்ல. திருப்பிக் கேக்கவும் ஏலாது."

அவள் எழும்பினாள். தம்பியைப் பார்க்கவும் இல்லை, ஏசவும் இல்லை. சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டாள். தம்பிக்காரன் மேசையில் கிடந்த மைத்தட்டைத் தட்டிவிட்டு வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினான். இவர் வேட்டியில் பட்ட மையைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளை, மூண்டு தேத்தண்ணிக்குச் சொல்லும். ஒண்டு இவருக்கு" என்றார். எனக்கு அன்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது. நான் வேதக்காரி, யேசுவைக் கும்பிடுகிற எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனாலும் இருந்தது.

அந்தக் கதை மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று என்று கடைசிக் குடிசை வரைக்கும் போய்விட்டது. அவரை மாகாண சபைக்குக் கொண்டுபோனதும் அதுதான். சண்டையில் சம்பூர்ச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்த காலம். கட்சிக்காரர் வீட்டுக்கு வந்து, வாசித்துக் கையெழுத்து வைக்கிற ஒரு மனிதர் சபைக்கு வேண்டும் என்று கேட்டார்கள். அவருடைய மனைவிக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. "கோட்டு வேலையும் போகப்போகுது, வீடும் போகப்போகுது" என்று குசினிக்குள் நின்று எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார். இவர் தேர்தலில் நின்றார். அவருடைய சுவரொட்டிகளைக் கோதுமைமாப் பசை போட்டு ஒட்டியதால் நகரத்தில் திரிகிற மான்கள் அவற்றை நக்கித் தின்றுவிட்டன. "மனிசர் போடாட்டியும் மான் போடும் வோட்டு" என்று அவரே சொல்லிச் சிரித்தார். மனிதர்களும் போட்டார்கள். நல்ல எண்ணிக்கையில் வென்றார்.

என்னையும் தன்னுடைய காரியாலயத்துக்குச் சேர்த்துக்கொண்டார். சபையில் அவர் இருந்த விதத்தை நான் பார்வையாளர் பகுதியிலிருந்து பார்த்திருக்கிறேன். நியதிச் சட்ட வரைவுகள் பெரும்பாலும் சிங்களத்தில்தான் முதலில் வரும், தமிழ் பிறகு வரும் என்பார்கள், வராது. இவர் எழும்புவார். "தமிழில வாசிக்காத ஒண்டுக்கு நான் கை உயர்த்தமாட்டன், தவிசாளர் அவர்களே." ஒருமுறை பதினாலு பக்க வரைவைச் சிங்களத்தில் எழுத்துக் கூட்டி வாசித்து, வரிக்கு வரி தானே தமிழும் சொன்னார். உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தேநீருக்கு எழும்பிப் போனார்கள். கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள், அதில் ஒருவர் நித்திரை. அவருக்கு 'வாசிகசாலை' என்று பட்டம் வைத்தார்கள். அவருக்கு அது தெரியும். உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது.

சனிக்கிழமைகளில் முகாமுக்குப் போவார். அரசாங்கத்திலிருந்து வந்த கடிதங்களையெல்லாம் சனம் பொலித்தீன் பைக்குள் பத்திரமாக வைத்திருந்து இவர் கையில் கொடுக்கும். தகரக் கொட்டிலுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருப்பார்கள், அதில் இருக்காமல் பக்கத்தில் நின்று வாசிப்பார். புவனம் அக்கா அந்த முகாமில்தான் இருந்தாள். முன்வரிசையில் குந்தியிருந்து கேட்பாள். என்னைக் கண்டால், "என்ர வளவு ஐயா வாசிச்சதால நிண்ட வளவு, தங்கச்சி" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். மகள் வளர்ந்துகொண்டிருந்தாள். திரும்பிப் போய் அந்த வளவில் ஒரு வீட்டைப் போட்டு அதை மகளுக்கு எழுத வேண்டும். அவளுக்கு வேறு யோசனையே இல்லை.

இனி எழுதுவது கல்வெட்டில் வராத பகுதி.

ஒரு அரசியல்வாதியின் வீட்டு வாசலில் காலையில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று பார்க்காதவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். இடமாற்றக் கடிதம், வேலைக்குச் சிபாரிசு, பள்ளிக்கூட அனுமதி, மின்கம்பம், மலசலகூடம். முதல் வருடம் ஒவ்வொரு கடிதத்தையும் நான் அடித்துக் கொடுக்க அவர் வாய்விட்டு வாசித்துத்தான் கையெழுத்து வைத்தார். வரிசை தெருமுனை வரை போகும். ஒருநாள் ஒரு பெண்பிள்ளைக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம். இவர் வாசித்து, ஒரு சொல் பிழை என்று திருத்தி, திரும்ப அடிக்கச் சொல்லி, திரும்ப வாசித்தார். பிள்ளை போய்ச் சேர்ந்தபோது பரீட்சை முடிந்துவிட்டது. அடுத்தநாள் அவளுடைய தகப்பன் வாசலில் நின்று அத்தனை பேருக்கும் முன்னால் கத்தினான். "உங்கட வாசிப்பு எங்களுக்குச் சோறு போடுமோ? என்ர பிள்ளையின்ர வாழ்க்கையை வாசிச்சு வாசிச்சே முடிச்சுப் போட்டீங்கள்." அந்த மனிதன் போன பிறகும் இவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு முதல் பந்தியை மட்டும் வாசித்தார். பிறகு தலைப்பை மட்டும். பிறகு என் முகத்தைப் பார்த்து, "என்ன கடிதம், பிள்ளை?" என்பார். "இடமாற்றம் சேர்." கையெழுத்து விழும். நான் அதைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். வேலை பதினொரு மணிக்கே முடிந்தது. சனமும் சந்தோசமாகப் போனது. நானும் நேரத்தோடு வீட்டுக்குப் போனேன்.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. சபைக்குப் போகக் கார் இயங்கிக்கொண்டு நின்றது. ஒரு உத்தியோகத்தர் படிவக் கட்டோடு ஓடி வந்தார். எந்தத் திணைக்களம் என்பது இங்கே முக்கியமில்லை. முகாமிலிருக்கிற பதினொரு குடும்பத்துக்குத் தகரமும் சீமெந்தும் கொடுக்கிற படிவம், மக்கள் பிரதிநிதி ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும், இன்றைக்கு அனுப்பாவிட்டால் இந்த வருடம் கிடையாது என்றார். அவருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்குமோ தெரியாது. எல்லாம் சிங்களத்தில் இருந்தன. சனம் இன்னும் கையெழுத்து வைத்திருக்கவில்லை, அந்த இடம் வெறுமையாக இருந்தது. முதலில் அவர்கள் வைத்து, அதைப் பார்த்துப் பிறகுதான் இவர் வைக்க வேண்டும்.

"வாசிக்கேல்லையா சேர்?" என்று நான் கேட்டேன். கேட்டது நன்றாக நினைவிருக்கிறது.

"பின்னேரம் வாசிப்பம், பிள்ளை. இப்ப சபைக்கு நேரமாச்சு."

கார் முகப்பில் வைத்துப் பதினொன்றுக்கும் கையெழுத்துப் போட்டார். நான் பதினொன்றுக்கும் முத்திரை குத்தினேன். சட்டத்தரணி, நொத்தாரிசு, மாகாண சபை உறுப்பினர். அன்று சபையில் அவர் வாசிக்காத வரைவுகளுக்குக் கையுயர்த்தக் கூடாது என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். அடுத்தநாள் பேப்பரில் படத்தோடு வந்தது. பின்னேரம் அவர் படிவத்தைக் கேட்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. படிவம் எங்களிடம் இருக்கவும் இல்லை, அது அன்றே முகாமுக்குப் போய்விட்டது.

முகாமில் பதினொரு குடும்பமும் கையெழுத்து வைத்தன. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடியில் அவருடைய கையெழுத்து இருந்தது. அவர் வாசிக்காமல் வைக்கமாட்டார் என்பது அந்தப் பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மூன்று, நாலு வருடம் கழித்து, அரசாங்கம் பிடித்து வைத்திருந்த சம்பூர்க் காணிகளில் ஒரு பகுதியைத் திருப்பி விட்டார்கள். சனம் பற்றை வெட்டப் போனது. கடலோரத்துப் பதினொரு குடும்பத்தை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் மாற்றுக் காணிக்குச் சம்மதித்து உங்கள் காணியை விட்டுக்கொடுத்தாயிற்று என்று படிவத்தின் பிரதியைக் கையில் கொடுத்தார்கள்.

புவனம் அக்கா மூதூர் பஸ்ஸில் வந்து இறங்கி நேரே கந்தோருக்கு வந்தாள். இவர் அவளைக் கைபிடிக் கதிரையில் இருத்தி, பிரதியை வாங்கி, எழும்பி நின்று வாசிக்கத் தொடங்கினார். சிங்களத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. 'எனது காணிக்கான உரிமைக் கோரிக்கையை முழு மனதுடன் கைவிட்டு' என்று வந்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"என்ன சொன்னீங்கள் ஐயா?"

இவர் அந்த வரியைத் திரும்ப வாசிக்கவில்லை. பெருவிரல் மட்டும் கீழே கீழே போய்க் கடைசி வரியில் நின்றது. 'மேற்படி விடயங்களை இவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி விளங்கப்படுத்தினேன்.' அதற்குக் கீழே அவருடைய கையெழுத்தும் என் முத்திரையும்.

"உங்கட கையெழுத்துத்தானே ஐயா?"

"ஓம்." பிறகு, "நான் இதுக்கு ஒரு வழி பாக்கிறன்" என்றார்.

பார்த்தார், அதையும் சொல்ல வேண்டும். கொழும்புக்கு மூன்று தரம் போனார். அமைச்சுக்கு எழுதினார். சபையில் பேசினார். சனத்தைக் கூட்டிக்கொண்டு அரசாங்க அதிபரின் கச்சேரி வாசலில் வெயிலில் நின்றார். அவரால் செய்யக்கூடியவற்றில் ஒன்றை மட்டும் செய்யவில்லை. 'நான் வாசித்துக் காட்டவில்லை' என்று எழுதிக் கொடுக்கவில்லை.

அதைத்தான் புவனம் அக்காவின் வழக்கை எடுத்த சட்டத்தரணி கேட்டாள். மட்டக்களப்பிலிருந்து வந்த பெண், முப்பது வயது இருக்கும். மற்றப் பத்துக் குடும்பமும் இந்த ஒரு வழக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் சத்தியக்கடதாசியைத் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தாள், ஆறு வரி. இவர் எழும்பி நின்று வாய்விட்டு வாசித்தார். ஆறு வரியும் உண்மை. வாசித்துவிட்டுப் பேனையை மூடினார்.

"இதில ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. ஆனா இதுக்கு நான் கையெழுத்து வைச்சா, இவ்வளவு காலமும் நான் எழுதின உறுதியள் எல்லாத்தையும் நாளைக்கு ஒவ்வொருத்தனா கோட்டுக்குக் கொண்டு வருவான். 'வாசிச்சுக் காட்டினேன்' எண்டு எழுதின மனிசன் ஒரு இடத்தில பொய் எண்டா மற்ற இடத்திலயும் பொய்தானே எண்டு கேப்பான். எத்தினை குடும்பத்தின்ர காணி ஆடும் தெரியுமோ?"

"சரி சேர். புவனம் அக்காவுக்கு நான் என்ன சொல்ல?"

அவர் சத்தியக்கடதாசியை அவள் பக்கமாகத் திருப்பி நகர்த்தினார். அவர் சொன்னது காரணமா சாக்கா என்று இவ்வளவு வருடமாக யோசிக்கிறேன். இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் அவருடைய பெயரையும் சேர்த்தே காப்பாற்றியது. எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் இருந்த அன்பு குறையவும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரே அறையில் வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

வழக்கு தவணை தவணையாக இழுபட்டது. அதற்குள் சபை கலைந்தது. பிறகு தேர்தலும் வரவில்லை, அவர் திரும்பவும் முழுநேரமாகத் தையல்கடைப் பக்கத்துக் கந்தோருக்கே வந்துவிட்டார். சாட்சிக் கூண்டில் புவனம் அக்காவை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மரியாதையாகத்தான் கேட்டார். "அவர் முகாமுக்கு வந்து கடிதங்கள், படிவங்கள் வாசித்துக் காட்டியதுண்டா?" "ஓம், கனதரம்." "இந்தப் படிவத்தை எந்த நாளில் வாசித்தார்?" அவர் வாசித்த கடிதங்கள் எத்தனையோ, அவளுக்கு நாளும் தேதியும் எங்கே தெரியும்? "அப்ப வாசித்திருக்கவும் கூடும், இல்லையா அம்மா?" "தெரியாது ஐயா" என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

பிறகு இவரைக் கூப்பிட்டார்கள். "இந்தப் படிவத்தை வழக்காளிக்கு வாசித்துக் காட்டினீர்களா?" என்று கேட்டாள் மட்டக்களப்புச் சட்டத்தரணி.

"வாசிக்காமல் நான் கையெழுத்து வைப்பதில்லை. அது என்னுடைய முப்பது வருட வழக்கம்."

"அன்றைக்கு?"

"என் வழக்கத்துக்கு மாறாக நடந்ததாக எனக்கு நினைவில்லை."

நீதிபதி குனிந்து எழுதினார். பின்வாங்கில் இருந்த புவனம் அக்கா, அவர் வழக்கத்தைப் பற்றிச் சொன்னபோது ஆமென்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். அவர் கூண்டிலிருந்து இறங்கி அவளைக் கடந்து போனபோது அவள் எழும்பி நின்றாள், எப்போதும் போல.

அடுத்த தவணைக்கு என்னை அழைத்திருந்தார்கள். நான் அப்போது அரசாங்க வேலையில் இருந்தேன். சபை கலைய முன் அவர் கொடுத்த கடிதத்தால் கிடைத்த வேலை. அவர் என்னிடம் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, இப்படிச் சொல்லு என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை கோபத்திலாவது உண்மையைச் சொல்லியிருப்பேன். முத்திரை குத்தியது நான், விசாரணை வந்தால் என் வேலை போகும் என்று ஒரு பயம். எனக்குச் சோறு போட்ட மனிதரைச் சந்தியில் நிறுத்துவதா என்று ஒரு வெட்கம். கூண்டில் ஏறி, வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு, அன்று அவர் வாசித்தாரா என்ற கேள்விக்கு "எனக்கு நினைவில்லை" என்றேன். அவ்வளவுதான், இரண்டு நிமிடமும் ஆகவில்லை.

அதன்பிறகு நான் அந்தக் கந்தோருக்கு நத்தார்ப் பண்டிகைக்கும் பொங்கலுக்கும் மட்டும் போவேன். அவர் கடைசிவரை உறுதி எழுதினார். கை நடுங்கத் தொடங்கியும் எழும்பி நின்றுதான் வாசித்தார். முன்னையைவிட மெதுவாக, ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசிக்கிறார் என்று சனம் முறைப்பட்டது. வாடிக்கை குறைந்தது. நான் போனால், "வாரும் பிள்ளை, இரும்" என்பார். சபைக் கதை, மான் கதை, சம்மாட்டி கதை எல்லாம் கதைப்போம். சம்பூர் என்ற பெயரை இருவரும் எடுக்கமாட்டோம்.

தீர்ப்புச் சொன்ன நாளில் நான் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பின்னால் நின்றேன். கீர்த்தி பெற்ற ஒரு நொத்தாரிசுவின் அத்தாட்சியை மறுக்கப் போதிய சாட்சியம் இல்லை என்று தள்ளுபடி செய்தார்கள். மட்டக்களப்புச் சட்டத்தரணி மேன்முறையீடு என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். புவனம் அக்கா கேட்கவில்லை. வெளியே வந்து பஸ் நிற்கிற இடத்து மர நிழலில் நின்றாள். பக்கத்தில் மகள், முப்பதை எட்டிப் பிடிக்கிற வயது, கழுத்தில் ஒன்றுமில்லை. நான் கிட்டப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் போனேன்.

அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். "ஐயா வாசிச்சுத்தான் இருப்பார், தங்கச்சி. அவர் வாசிக்காமல் வைக்கிற மனிசனே? அந்த நேரம் எனக்குக் காய்ச்சலும் கிடந்தது. நான்தான் கவனிச்சுக் கேக்கேல்லப் போல."

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. "இல்லை அக்கா" என்றேன். "அவர் வாசிக்கேல்ல. நான் பக்கத்தில நிண்டனான். வாசிக்கேல்லையா எண்டு கேட்டனான் கூட. பின்னேரம் வாசிப்பம் எண்டு சொல்லிப் போட்டுக் காரில ஏறினவர். உங்களில ஒரு பிழையும் இல்லை."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். புவனம் அக்கா நீதிமன்றக் கட்டடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபமாகப் பேசவில்லை.

"இதை உள்ளுக்க வைச்சுச் சொல்லியிருக்கலாமே, தங்கச்சி" என்றாள்.

மூதூர் பஸ் வந்து நின்றது. மகள் அவளுடைய கையைப் பிடித்து ஏற்றினாள்.